‘இப்பவே வேணும்’ என்று அதட்டுபவரோடு வேலை பார்ப்பது: தொழில்நுட்பப் பணிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலை 4.40. சாட்டில் ஒரு செய்தி வந்து விழுகிறது: “ரிப்போர்ட் தப்பா வருது. காலையிலேர்ந்து சொல்றேன். இப்பவே சரி பண்ணுங்க.” எந்த ரிப்போர்ட் என்று இல்லை, என்ன தப்பு என்றும் இல்லை. காலையில் அவர் உங்களிடம் எதுவும் சொல்லவும் இல்லை. வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும் நிலையில் இப்படி ஒன்று வந்தால் வயிற்றைப் பிசையும். விரல்கள் தானாக “ஸாரி, உடனே முடிச்சிடறேன்” என்று அடித்துவிடும். இல்லையென்றால் ரோஷம் வந்து “என்கிட்ட யாரும் சொல்லலையே” என்று அடிக்கும். சப்போர்ட்டிலும் டேட்டாபேஸ் வேலையிலும் பல வருஷம் இருந்தவன் நான். இந்த இரண்டு பதில்களையும் அனுப்பியிருக்கிறேன், இரண்டாலும் சிக்கலில் மாட்டியும் இருக்கிறேன். ஹெல்ப் டெஸ்க், டெவலப்பர், சிஸ்டம் அட்மின் என்று எந்தப் பெயரில் நீங்கள் சேர்ந்திருந்தாலும், வேறு துறையிலிருந்து ஒருவர் வெடுக்கென்று பேசி வேலை வாங்கும் நாள் சீக்கிரமே வரும். அன்றைக்கு என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தொனியை ஒரு பக்கம் வையுங்கள், தேவையை ஒரு பக்கம் வையுங்கள்

செய்தியை இரண்டு முறை படியுங்கள். ஒரு தாளில் அல்லது நோட்பேடில், அதட்டலை எல்லாம் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மேலே உள்ள செய்தியில் மிஞ்சுவது இவ்வளவுதான்: ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் எண் ஒத்துப்போகவில்லை, அவருக்கு ஏதோ ஒரு கெடு இருக்கிறது. இரண்டையும் நீங்கள் கையாள முடியும். அவருடைய கோபம் உங்கள் கையில் இல்லை.

எழுத்தில் வரும் தொனியை முழுசாக நம்பவும் வேண்டாம். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்ளி முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு மின்னஞ்சல் கிண்டலாக எழுதப்பட்டதா, நிஜமாகவே எழுதப்பட்டதா என்று படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். நடந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவசரத்தில் நாலு வார்த்தை தட்டிவிட்டு மீட்டிங்குக்கு ஓடியவரின் செய்தியை நாம் திட்டாகப் படித்துக்கொண்டிருக்கலாம்.

பெரும்பாலும் அப்படி அதட்டுபவருக்குப் பின்னால் அவரை அதட்டும் ஒருவர் இருப்பார். அதனால் அவர் செய்வது சரியாகிவிடாது. ஆனால் அந்தப் பின்னால் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

2. முதல் பதிலில் மூன்று விஷயம்

கிடைத்தது; நான் புரிந்துகொண்டது இது; அடுத்து இத்தனை மணிக்குப் பேசுகிறேன். இந்த மூன்றும் இருந்தால் போதும். இப்படி:

“பார்த்தேன். விற்பனை ரிப்போர்ட்டில் மொத்தத் தொகை சரியாக வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு ரிப்போர்ட் என்றால் சொல்லுங்கள். எந்தத் தேதிக்கு, என்ன எண் வர வேண்டும், என்ன எண் வருகிறது என்று தெரிந்தால் நேராக அந்த இடத்தில் தேடலாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். 5.15-க்கு என்ன நிலை என்று நானே சொல்கிறேன்.”

இதில் என்ன இல்லை என்று கவனியுங்கள். நீங்கள் செய்யாத தவறுக்கு மன்னிப்பு இல்லை. ‘காலையில் என்னிடம் சொல்லவில்லையே’ என்ற கணக்குத் தீர்த்தலும் இல்லை. அது உண்மையாகவே இருந்தாலும் இப்போது சொன்னால் அடுத்த அரை மணி நேரம் யார் யாரிடம் சொன்னார் என்ற விசாரணையில்தான் போகும். ரிப்போர்ட் அப்படியே கிடக்கும்.

கடைசி வரிதான் முக்கியமானது. 5.15 என்பது சரிசெய்து முடிக்கும் நேரம் அல்ல, தகவல் சொல்லும் நேரம். புதிதாக வந்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அதட்டலைக் கேட்டதும், எதிரில் இருப்பவர் அமைதியானால் போதும் என்று “அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். காரணமே தெரியாத கோளாறுக்கு அரை மணி நேரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த அரை மணி கழிந்ததும் அவர் அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருவார். இந்த முறை நியாயம் அவர் பக்கம் இருக்கும்.

தகவல் சொல்லும் நேரத்தை மட்டும் எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை என்றாலும் 5.15-க்கு எழுதுங்கள்: “இன்னும் தேடுகிறேன். மூலத் தரவு சரியாக இருக்கிறது, கூட்டல் நடக்கும் இடத்தில்தான் சந்தேகம். அடுத்து 6 மணிக்குச் சொல்கிறேன்.” நான் பார்த்தவரை, ஆட்கள் கத்துவது தாமதத்தால் வருவதைவிட மௌனத்தால் வருவதே அதிகம். தன் மேலதிகாரியிடம் சொல்ல அவருக்கு ஒரு வரி வேண்டும். அந்த வரியை நீங்கள் கொடுத்துவிட்டால் அவர் உங்கள் பக்கம் திரும்பத் தேவை இருக்காது.

3. கேட்பது ஒன்று, வேண்டியது ஒன்று

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நடந்தது இது. செயல்பாட்டுத் துறையின் பொறுப்பாளர் ஒருவர். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுதான் பேசுவார். ஒரு நாள் வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டி, “இதுல ஒரே ஆள் ரெண்டு ரெண்டு தடவை வர்றாங்க. டூப்ளிகேட் எல்லாத்தையும் இப்பவே டெலீட் பண்ணுங்க” என்றார். பெயர் ஒன்று, போன் நம்பர் ஒன்று. எனக்கும் டூப்ளிகேட் மாதிரிதான் தெரிந்தது. அவர் நிற்கும்போதே டெலீட் ஓட்டினேன்.

அவை டூப்ளிகேட் அல்ல. இரண்டு டெலிவரி முகவரி வைத்திருந்த வாடிக்கையாளர்கள். முகவரி இருந்த பத்தி (நெடுவரிசை) திரையில் வலது பக்கம் தள்ளி, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. முந்தின இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து அந்த வரிகளை மீட்டோம். அன்றைக்குப் பகலில் பதிவானவற்றை மூன்று பேர் உட்கார்ந்து கையால் ஏற்றினோம். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது என்ன தெரியுமா? போன் செய்து பேசுவதற்கு, ஆளுக்கு ஒரு வரி இருக்கும் பட்டியல். எதையும் அழிக்கத் தேவையே இல்லை. போன் நம்பர் வாரியாகத் தொகுத்து ஒரு பட்டியல் எடுத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

ஆட்கள் தங்களுடைய தேவையைச் சொல்வதில்லை, தங்களுக்குத் தோன்றிய தீர்வைச் சொல்கிறார்கள். அதட்டிக் கேட்கும்போது அந்தத் தீர்வு உத்தரவு மாதிரி ஒலிப்பதால், கேள்வி கேட்கவே நமக்குத் தயக்கம் வருகிறது. அங்கேதான் கேட்க வேண்டும். ஆனால் ‘ஏன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே சூடாக இருப்பவர் காதில் ‘ஏன்’ என்பது எதிர்த்துப் பேசுவதாகத்தான் விழும். “இந்தப் பட்டியல் கிடைத்ததும் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். “போன் பண்ணப் போறேன்” என்று அவர் சொல்லியிருப்பார். அந்த ஒரு பதில் எங்கள் மூன்று பேரின் ஒரு சாயங்காலத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

4. பின்னால் ஒருவர் நிற்கும்போது லைவில் கை வைக்காதீர்கள்

மேலே சொன்னதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி இது. (லைவ் என்றால் ஆட்கள் நிஜமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சிஸ்டம்.) இன்றுவரை மாற்றவில்லை. யாராவது மேஜைக்கு வந்து அதட்டினால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்புங்கள். நோட்டை எடுத்து அவர் சொல்வதை எழுதுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். தான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வதைப் பார்த்தால் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். அப்புறம், “ஒரு முறை சரிபார்த்துவிட்டுச் செய்கிறேன், பத்து நிமிஷத்தில் செய்தி அனுப்புகிறேன்” என்று சொல்லி அனுப்பிவையுங்கள்.

அவர் போன பிறகு செய்ய வேண்டியது: டெலீட் ஓட்டுவதற்கு முன்னால் அதே நிபந்தனையோடு செலக்ட் (எதையும் மாற்றாமல் வரிகளை எடுத்துக் காட்டும் கட்டளை) ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். பத்து வரி எதிர்பார்த்த இடத்தில் பத்தாயிரம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டினால் (நீங்கள் உறுதிசெய்யும்வரை மாற்றங்கள் நிலைக்காத ஏற்பாடு அது), எண்ணிக்கை தப்பாக இருக்கும்போது ரோல்பேக் செய்ய, அதாவது பழையபடி ஆக்க, வழி இருக்கும். எந்த சர்வரில் இருக்கிறீர்கள் என்று திரையில் ஒரு முறை படியுங்கள். பக்கத்தில் இருப்பவரை ஒரு நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள்.

இது அதிகப்படியான ஜாக்கிரதை என்று தோன்றினால், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனம் தானே வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 இரவு, நெடுநேரமாகத் தொடர்ந்த ஒரு டேட்டாபேஸ் சிக்கலோடு போராடிய பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அனுபவம் உள்ளவருக்கே, அசந்த நேரத்தில் அப்படி நடந்தது. மூன்று மாத அனுபவத்தோடு, பின்னால் ஒருவர் “ஆச்சா, ஆச்சா” என்று நிற்கும்போது நீங்கள் என்டர் தட்ட வேண்டாம்.

5. டிக்கெட்டைக் கேடயமாக வையுங்கள், கத்தியாக அல்ல

“டிக்கெட் போடுங்க” என்று ஒற்றை வரியில் பதில் அனுப்புவதும் வெடுக்கென்று பேசுவதுதான். (டிக்கெட் என்பது ஒரு கோரிக்கைக்கு எண் கொடுத்து எழுதி வைக்கும் பதிவு.) நாம் அதைச் செய்கிறோம், அவர்கள் எரிச்சலடைகிறார்கள், அடுத்த முறை நேராக மேஜைக்கு வருகிறார்கள். முதல் சில தடவை டிக்கெட்டை நீங்களே போட்டு எண்ணை அனுப்புங்கள்: “நீங்கள் சொன்னதை இதில் எழுதியிருக்கிறேன். நான் லீவில் போனாலும் இந்த எண்ணை வைத்து எங்கள் டீமில் யாரும் தொடரலாம்.” டிக்கெட்டால் அவருக்கு என்ன லாபம் என்று அந்த இரண்டாவது வரியில் புரிந்துவிடும்.

உங்களுக்கும் லாபம் உண்டு. ‘காலையிலேர்ந்து சொல்றேன்’ என்ற பேச்சுக்கு இடமே இருக்காது. மணி நிமிஷம் உட்பட எல்லாம் பதிவாகியிருக்கும்.

எதை முதலில் எடுப்பது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஐடிஐஎல் என்ற சேவை மேலாண்மை நெறிமுறைகளைப் பின்பற்றும் நிறுவனங்களில் முன்னுரிமையை இரண்டு கேள்விகளால் முடிவு செய்வார்கள்: எத்தனை பேருக்கு, எவ்வளவு பாதிப்பு? எவ்வளவு நேரம் தாங்கும்? ஒருவருடைய பிரிண்டர் ஓடவில்லை, ஒரு துறைக்கே லாகின் ஆகவில்லை, ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு பத்தி வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் லாகின்தான் முதலில். பத்தி கேட்டவர் எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும் அது கடைசிதான். ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோவது வேறு, புதிதாக ஒன்று கேட்பது வேறு என்று அந்த நெறிமுறைகளே பிரித்து வைத்திருக்கின்றன.

இதை அவரிடம் விதியாக ஒப்பிக்காதீர்கள். வரிசையைக் காட்டுங்கள். “இப்போது லாகின் பிரச்சினையில் இருக்கிறேன், நாற்பது பேர் வேலை நிற்கிறது. உங்களுடையது அதற்கு அடுத்தது.” அப்போதும் “எனக்கு முதல்ல” என்றால், இரண்டு துறைக்கு நடுவே தீர்ப்புச் சொல்வது புதிதாக வந்த உங்கள் வேலை அல்ல. “வரிசையை மாற்ற என் டீம் லீட் சொல்ல வேண்டும், அவரையும் இந்த உரையாடலில் சேர்க்கிறேன்” என்று சொல்லிச் சேர்த்துவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் செய்ய வேண்டாம்.

6. ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடங்கள்

அடுத்தவர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்வது, அனுமதி இல்லாமல் அட்மின் அணுகல் கேட்பது, ஒப்புதல் வருவதற்கு முன்பே லைவில் ஏற்றச் சொல்வது. இவற்றில் வளைந்து கொடுக்காதீர்கள். கேட்பவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் சரி.

காரணம் இருக்கிறது. அவசரம், அதிகாரம், அதட்டல் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது மோசடிக்காரர்களின் வழக்கமான உத்தி. 2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் நடந்தது நினைவிருக்கலாம். ஊழியர்கள் சிலரைப் போனில் ஏமாற்றி உள் கருவிகளுக்குள் நுழைந்தவர்கள் 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். சாட்டிலோ போனிலோ அதட்டுபவர் உங்கள் சக ஊழியர்தானா என்பதே உறுதியில்லை. நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மையான ஆளாக இருந்தால் இரண்டு நிமிஷம்தான் தாமதம்.

மறுக்கும்போது கதவை மூடாமல் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “இதற்கு உங்கள் துறைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். கோரிக்கையை நான் இப்போதே எழுதி அவருக்கு அனுப்புகிறேன். அவர் சரி என்றதும் பத்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன்.”

7. சண்டை இல்லாத ஒரு நாளில் பேசுங்கள்

பிரச்சினை நடக்கும்போது உறவைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டு நாள் கழித்து, அவர் சும்மா இருக்கும் நேரம் பார்த்துத் தனியாகப் போங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். சாட்டில் கண்டிப்பாக வேண்டாம்.

அந்த டூப்ளிகேட் பொறுப்பாளரிடம் நான் அப்படிப் போனேன். போவதற்குப் பயமாகத்தான் இருந்தது. “அன்றைக்கு நான் அவசரப்பட்டு ஓட்டியது தப்பு. ஆனால் நீங்கள் பின்னால் நிற்கும்போது எனக்கு யோசிக்க வரவில்லை. என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் உங்களுக்குச் சரியாகச் செய்து தர முடியும்” என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார்: தினமும் 5 மணிக்கு அவருக்கு ஒரு கூட்டம். அதில் எண் தப்பாக இருந்தால் எல்லார் முன்னாலும் அவரை நிற்கவைத்துக் கேட்பார்களாம். எங்கள் ரிப்போர்ட் 4.30-க்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தவறு இருந்தால் திருத்த அவருக்கு நேரமே இல்லை.

ரிப்போர்ட்டை 3 மணிக்கு ஓடும்படி மாற்றினோம். ஷெட்யூலரில் ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான். அவருடைய பேச்சு அப்படி ஒன்றும் இனிமையாகிவிடவில்லை. கடைசிவரை சுள்ளென்றுதான் பேசினார். ஆனால் ஆரம்பத்தில் சொன்ன மாதிரி அவரிடமிருந்து வரும் 4.40 செய்திகள் நின்றுபோயின.

ஆகவே போகும்போது புகாரோடு மட்டும் போகாதீர்கள், கேள்வியோடும் போங்கள். எந்த நாள், எந்த நேரம் அவருக்கு நெருக்கடி வருகிறது என்று கேளுங்கள். ஒரே மாதிரி அதட்டல் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அவர் குணத்தோடு சேர்த்து உங்கள் சிஸ்டத்திலும் எங்கோ ஒரு குறை இருக்கிறது.

8. எங்கே நிறுத்த வேண்டும்

வெடுக்கென்று பேசுவது வேறு, இழிவுபடுத்துவது வேறு. “இன்னும் முடியலையா?” என்பது முதல் வகை. உங்கள் தோற்றத்தை, பிறப்பை, பாலினத்தை, பேசும் விதத்தைச் சொல்லித் திட்டுவது, வேலையைவிட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டுவது, பொருளைத் தூக்கி எறிவது, பத்துப் பேர் முன்னால் திரும்பத் திரும்ப முட்டாளாக்குவது எல்லாம் இரண்டாவது வகை. அதை இந்தக் கட்டுரையின் முதல் ஏழு படிகளால் சமாளிக்க முயலாதீர்கள். அது உங்கள் பொறுப்பே அல்ல.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட 190-ஆவது உடன்படிக்கை வேலையிடத்து வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றியது. 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே ஒரு முறை நடந்தாலும் அதைத் துன்புறுத்தலாகக் கொள்ளலாம் என்கிறது அது. ‘ஒரு தடவைதானே’ என்று உங்களை யாராவது சமாதானப்படுத்த வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

‘அவர் திறமைசாலி, அப்படித்தான் பேசுவார்’ என்ற பேச்சும் தொழில்நுட்ப உலகில் அடிக்கடி வரும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் மின்னஞ்சல்களின் கடுமைக்குப் பேர்போனவர். அவரே 2018 செப்டம்பரில் அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் பொறுப்பிலிருந்து ஒதுங்கி இருந்தார். அதே சமயத்தில் அந்தத் திட்டத்துக்குப் புதிய நடத்தை நெறியும் வந்தது. உங்கள் அலுவலகத்துத் திறமைசாலிக்கு மட்டும் விலக்கு தேவையில்லை.

மேலே எடுத்துச் செல்லும்போது “அவர் சரியில்லை” என்று போனால் பேச்சோடு போய்விடும். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அப்போது அங்கே யார் யார் இருந்தார்கள், அதனால் வேலையில் என்ன பாதிப்பு என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். முதலில் உங்கள் மேனேஜர். அவர் நகரவில்லை என்றால் எச்ஆர். இரண்டையும் மின்னஞ்சலில் செய்யுங்கள்.

9. தப்பு நம்முடையதாக இருந்தால்

சில சமயம் அவர் கத்துவதில் விஷயம் இருக்கும். ரிப்போர்ட் உண்மையிலேயே நாம் நேற்று செய்த மாற்றத்தால்தான் உடைந்திருக்கும். அவர் பேசும் விதம் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மறைக்காதீர்கள். அவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். அதிகம் விளக்க வேண்டாம், நாலு வரி போதும்:

“காரணம் கிடைத்தது. நேற்று மாலை நான் செய்த மாற்றத்தில் திரும்பப் பெற்ற ஆர்டர்களும் மொத்தத்தில் கூடிவிட்டன. என் தவறு. மாற்றத்தை 5.50-க்குத் திரும்ப எடுத்துவிட்டேன், இன்றைய ரிப்போர்ட் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று இரவு போன ரிப்போர்ட்டிலும் இதே பிழை இருக்கிறது, அதை யாருக்காவது அனுப்பியிருந்தால் சொல்லுங்கள், திருத்தியதை நானே அவர்களுக்கு அனுப்புகிறேன்.”